கூடலும் கொட்டகையும்

தொடக்கத்தில் 34 பேர் இருந்தோம். எண்ணுவது என் பிழைப்பு. நோட்டானாலும் ஆளானாலும் கண் தானாக எண்ணிவிடுகிறது. ஊர் ஊராகச் சுற்றிவரும் சோதனைக் குறும்படத் தொகுப்பு ஒன்று, நுங்கம்பாக்கத்துச் சிறிய அரங்கொன்றில் ஒரு மாலை இறங்கியிருந்தது. முதல் பாதியில் வெளிநாட்டுப் படங்கள். இரண்டாம் பாதியில் நம்முடையவை என்று சொல்லிக்கொள்ளக்கூடிய, ஆனால் நம்மில் யாரும் சொல்லிக்கொள்ளாத சில படங்கள். 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் பம்பாயில் எடுக்கப்பட்டவை. அக்பர் பதம்சியின் ‘சிஜிஜி’, பிரமோத் பதியின் ‘எக்ஸ்ப்ளோரர்’, ‘ஆபித்’, கடைசியாக தையப் மேத்தாவின் ‘கூடல்’. விளக்கு எரிந்தபோது 19 பேர் மிஞ்சியிருந்தோம். அதில் மூவர் நடத்தியவர்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்தக் கணக்கில் எனக்கு வருத்தமில்லை. 19 பேர் என்பது நம் சூழலில் கூட்டம்தான். நம் கவிதை வாசிப்புகளுக்கு இதைவிடக் குறைவாக வந்து, வந்தவர்களில் பாதிப்பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்ததை நாம் எல்லோரும் அறிவோம். என்னை உறுத்தியது வேறு. ‘கூடல்’ என்பது தமிழ்ச் சொல். வாசலில் கொடுத்த காகிதத்தில் அந்தத் தலைப்புக்கு ஆங்கிலத்தில் பொருள் எழுதியிருந்தார்கள். சந்திப்பு, சந்திக்கும் இடம் என்ற அளவில். சென்னை நகரத்தில் உட்கார்ந்திருந்த தமிழர்கள் நாங்கள் அந்த ஆங்கிலப் பொருளைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தோம். ஒருவரும், பின்னால் நடந்த கலந்துரையாடலிலும்கூட, அந்தச் சொல்லைத் தொடவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு அது உறைத்தது திரும்பும் ரயிலில், வில்லிவாக்கம் தாண்டிய பிறகு.

கூடல் மதுரையின் பழைய பெயர். நதிகள் சேருமிடம் கூடல். ஊடலுக்குப் பிறகு வருவது கூடல். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. கூடல் இழைத்தல். பிரிந்திருக்கும் பெண் கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் வட்டம் போடுவாள். தொடங்கிய இடத்தில் வந்து கோடு முட்டினால் அவன் வருவான், முட்டாவிட்டால் இல்லை. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் ஒரு பதிகம் முழுவதையும் இதற்குக் கொடுத்திருக்கிறாள். மேத்தாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் குஜராத்தில் பிறந்து பம்பாயில் வாழ்ந்த ஓவியர். சொல் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. தன்னோடு எதையெல்லாம் எடுத்துச் சென்றது என்பது வேறு விஷயம்.

படம் 1970-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். பிலிம்ஸ் டிவிஷன் தயாரிப்பு. பாந்த்ரா அறுப்புக்கூடத்தில் எடுக்கப்பட்ட மாடு அதன் மையம். மேத்தா ஓவியராக நிலைபெறும் முன் படத்தொகுப்பு வேலை பார்த்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தப் படத்தின் கை எப்படி இயங்குகிறது என்று புரியும். அவருடைய ஓவியங்களில் கால் கட்டப்பட்டு விழும் எருது திரும்பத் திரும்ப வருகிறது. 1947 கலவரத்தின்போது பம்பாய் முகம்மது அலி சாலையில் ஒரு மனிதனைக் கூட்டம் அடித்துக் கொன்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர் அவர். அந்தக் காட்சியை அவர் எந்தக் கித்தானிலும் நேராக வரையவில்லை. மாடாகவும், தலைகுப்புற விழும் உருவமாகவும் அது வெளிவந்துகொண்டே இருந்தது. ‘கூட’லில் மாட்டையும் மனிதக் கூட்டத்தையும் இணைப்பது கதை அல்ல, வர்ணனை அல்ல, வெட்டு. சினிமாக்காரர்கள் சொல்லும் வெட்டு. கசாப்பு வெட்டும் படத்தொகுப்பு வெட்டும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பதை இங்கே விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு படிமம் இன்னொன்றோடு சேர வேண்டுமானால் இரண்டுமே எங்கோ அறுபட்டாக வேண்டும். நம் புதுக்கவிதையில் படிமங்களை அடுக்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தெரிந்துகொள்ளாமலே அடுக்குகிறார்கள். அவர்களுடைய படிமங்கள் கடை அலமாரிப் பாட்டில்கள் மாதிரி ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. மேத்தாவின் படத்தில் மாட்டிலிருந்து கூட்டத்துக்குப் போகும்போது கூட்டம் மாடாக ஆவதில்லை. அப்படி ஆகியிருந்தால் அது பள்ளிக்கூட உருவகம். நமக்கு வருவது கூட்டத்தின்மேல் ஒரு பயம். அந்தப் பயத்துக்குப் படம் விளக்கம் தருவதில்லை.

இதைப் பார்த்துவிட்டு வந்துதான், இந்தப் படங்கள் நுங்கம்பாக்கத்துக்கு வருமுன் எங்கே போய்க்கொண்டிருந்தன என்று யோசித்தேன்.

இதற்கு விடை நமக்குக் கொஞ்சம் அவமானம் தருவது. பிலிம்ஸ் டிவிஷன் படம் என்றால் அது எல்லாக் கொட்டகைகளுக்கும் போகத் தயாரான படம். 1943-இல், யுத்தகாலத்தில், ஒவ்வொரு கொட்டகையும் தான் ஒப்புக்கொண்ட படங்களைக் காட்டியாக வேண்டும் என்று பிரிட்டிஷ் சர்க்கார் விதி கொண்டுவந்தது. 1946-இல் அது போயிற்று. 1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் பிறந்ததும், லைசென்ஸ் நிபந்தனை என்ற உருவில் சுதந்திர சர்க்காரிடம் திரும்பி வந்தது. கொட்டகைக்காரர் படத்தைக் காட்டவும் வேண்டும், அதற்குக் காசும் தர வேண்டும். நிகர வசூலில் நூற்றுக்கு ஒன்று. இந்தக் கட்டாயம் செல்லும் என்று 1999-இல்கூட உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ் உட்படப் பல மொழிகளில் குரல் சேர்த்து, வாராவாரம், நாடு முழுவதும். எந்த விழாவும், எந்த ஐரோப்பியத் தொகுப்பும் கனவு காண முடியாத சுற்று இது. இந்தச் சுற்றின் பின்புறத்து ஜன்னல் ஒன்று 1965 வாக்கில் சிறிது காலம் திறந்தது. யுனெஸ்கோவிலிருந்து ஜான் பாவ்நகரியை வரவழைத்துத் தலைமை ஆலோசகராக உட்கார வைத்தார்கள். இந்திரா காந்தி தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்த சமயம் அது. பாவ்நகரி மாயாஜாலம் தெரிந்தவர், பானை வனைபவர். சர்க்கார் ஆபீசுக்குள் அப்படி ஒருவர் இரண்டு வருஷம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி. ஹுசேன் ராஜஸ்தானில் எடுத்த ‘ஓர் ஓவியனின் கண்கள் வழியே’ 1967-இல் பெர்லினில் குறும்படத்துக்கான தங்கக் கரடியை வாங்கியது. சுதந்திரத்தோடு பிறந்தவர்களை 1967-இல் தேடிப் போய்ப் பேச வைத்தார் எஸ். என். எஸ். சாஸ்திரி. அடுத்த வருஷமே ‘நானும் குறும்படம் எடுக்கிறேன்’ என்று, தான் செய்யும் தொழிலையே சந்தேகிக்கும் ஒரு படத்தை, அதே சர்க்காரின் காசில் எடுத்தார். (இந்தத் துணிச்சலுக்கு ஈடாக அரசு வங்கியில் நான் எதுவும் செய்ததில்லை.) பதி குடும்பக் கட்டுப்பாடு என்ற சீட்டை ஒட்டிக்கொண்டு ‘கிளாக்ஸ்ப்ளோஷன்’ என்ற சின்னஞ்சிறு குறும்பு ஒன்றைச் செய்தார்.

இந்தப் படங்கள் போக வேண்டிய இடங்களில் ஒன்று எங்கள் பகுதி. ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் கூடி சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 1965-இல் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிலிம்ஸ் டிவிஷனின் அந்தக் கனத்த வர்ணனைக் குரல் அணையையும் ஆலையையும் உழைப்பாளியையும் பற்றி ஓயாமல் பேசியதே, அந்த உழைப்பாளி குடியிருந்தது இங்கேதான். அவர் ஷிப்ட் முடிந்து, குளித்து, சட்டை மாற்றி, எம்.ஜி.ஆரைப் பார்க்கக் கொட்டகைக்குப் போனால் அங்கேயும் அந்தக் குரல் அவருக்கு அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் வெளியே போய் பீடி பிடித்தார். நியூஸ் ரீல் ஓடுகிறது என்றால் இன்னும் நேரமிருக்கிறது என்று அர்த்தம். முறுக்கு வாங்கலாம், சைக்கிளைப் பூட்டியாகிவிட்டதா என்று பார்க்கலாம். பார்க்கக் கட்டாயப்படுத்தப்பட்டவன் கண்ணைத் திறந்துகொண்டே பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறான். வங்கியில் மேலதிகாரியின் சுற்றறிக்கையைப் படித்ததாகக் கையெழுத்துப் போடும் நான் இதில் நிபுணன்.

ஆகவே நம் வட்டத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் தவறு. மக்கள் தயாராக இல்லை, ரசனை வளரவில்லை, அதனால் இம்மாதிரி முயற்சிகள் செத்தன என்கிறோம். மக்களிடம் அவை கேட்கப்படவே இல்லை. சர்க்கார் குரலின் இடத்தில், சர்க்கார் குரலின் நேரத்தில், சர்க்கார் முத்திரையோடு வந்த ஒன்றை, அது சர்க்காருக்கு எதிரான குறும்பாகவே இருந்தாலும், யார் நின்று பார்ப்பார்கள்? நிராகரிப்புகூட அல்ல அது. 1913-இல் பாரிசில் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே நடனத்துக்குக் கூச்சல் போட்டார்களே, அது நிராகரிப்பு. கலைக்கு அது ஊடல். நமக்கு நடந்தது ஊடல் இல்லை. வீட்டில் யாரும் இல்லாதது மாதிரி.

நான் இன்றுவரை இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசை. ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுற்றிவருவது என்பது நமக்குப் புதிதல்ல. 1905-இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ட்யூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் சில படங்களையும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு புறப்பட்டார். அவர் கொண்டுபோனவை அத்தனையும் குறும்படங்கள். வேறு படமே அப்போது அவரிடம் இல்லை. தமிழ்நாட்டின் முதல் சுற்றுலாக் குறும்பட விழாவை நடத்தியவர் ஒரு குமாஸ்தா வர்க்கத்து ஆள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. பின்னால் வந்த டூரிங் கொட்டகை, நிரந்தரக் கட்டடம் கட்ட முடியாத லைசென்சில், கீற்றும் மணலுமாக நின்றது. அந்த மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இலக்கியத்திலும் இது உண்டு. சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பிரசுரங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். அவரைப் பற்றிப் பேசும்போது அந்த மூட்டையைத் தியாகச் சின்னமாக்கி மாலை போட்டுவிடுகிறோம். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. யாரிடம் விற்கிறோம் என்று முகத்தைப் பார்க்காமல் விமர்சனம் எழுத அவரால் முடியவில்லை.

அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்ற ஊர். டெட்ராய்ட்டுக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர். ஜார்ஜ் மானுபெல்லி என்ற ஓவியர் 1963-இல் அங்கே பதினாறு மில்லிமீட்டர் படங்களுக்காக விழா ஒன்று தொடங்கினார். அடுத்த வருஷத்திலிருந்தே அதன் படங்களில் ஒரு பகுதி பெட்டியில் ஏறி மற்ற ஊர்களுக்குப் போகத் தொடங்கியது. இன்றும் போகிறது. போகும் ஊருக்கு இவ்வளவு என்று படம் எடுத்தவனுக்குக் காசும் தருகிறார்கள். இந்தியாவில் ஷாய் ஹெரேடியா 2003-இல் பம்பாயில் ‘எக்ஸ்பெரிமென்டா’வைத் தொடங்கினார். பின்னால் அது பெங்களூரில் வேரூன்றியது. பிலிம்ஸ் டிவிஷனின் மறந்துபோன படங்களைத் தூசி தட்டி எடுத்து மறுபடி திரையில் வைத்ததில் அவருடைய முயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நுங்கம்பாக்கம் காகிதத்தைத்தான் சொல்கிறேன்.

அந்தக் காகிதம் நாலு பக்கம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பத்தி. இந்தப் படம் எதைக் குலைக்கிறது, எதைக் கேள்விக்குள்ளாக்குகிறது, எந்த அதிகாரத்தை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பத்திகள். படித்துவிட்டுப் படம் பார்த்தால், சொன்னது வருகிறதா என்று சரிபார்க்கும் வேலைதான் மிச்சம். எனக்கு அது பழைய வர்ணனைக் குரலாகவே கேட்டது. சர்க்காருக்குப் பதில் பட்டம் வாங்கியவர்கள் பேசுகிறார்கள், அவ்வளவுதான். பிலிம்ஸ் டிவிஷன் எல்லோரையும் பார்க்கச் சொன்னது, யாரும் பார்க்கவில்லை. இவர்கள் சிலரை மட்டும் அழைக்கிறார்கள், என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். இதற்கு நடுவில் ஒரு படத்தை வெறுமனே பார்ப்பது என்பது எங்கே நடக்கும்?

வெறுமனே பார்த்தால் இந்தப் படங்கள் எல்லாம் ஒரே தரமல்ல என்பது தெரியும். ‘எக்ஸ்ப்ளோரர்’ 1968-இல் ஒரு வெடி. ஆடும் இளைஞர்கள், ஆய்வுக்கூடம், சிலை, சடங்கு, எல்லாம் கண் தாங்காத வேகத்தில், வர்ணனை என்ற சொல்லே இல்லாமல். பின்னணியில் சென்னையில் பிறந்த புல்லாங்குழல்காரர் விஜய் ராகவ ராவ் செய்த ஓசை. புல்லாங்குழல் என்று நினைத்துப் போகிறவர்களுக்குக் காது வலிக்கும். அந்த ஓசைதான் இன்றும் பழசாகவில்லை. வேகம் பழசாகிவிட்டது. இன்று பத்து வயதுப் பையன் கைபேசியில் இதைவிட வேகமாகப் பார்த்துக்கொண்டு சாதம் சாப்பிடுகிறான். ஒரு படைப்பின் புதுமை அதன் வேகத்தில் மட்டும் இருந்தால் அது பந்தயத்தில் நிற்கும் குதிரை. அடுத்த குதிரை வரும்வரைதான். பதியின் ‘ட்ரிப்’ எனக்கு மெலிந்த படமாகவே பட்டது. ‘ஆபித்’ அப்படியல்ல. ஆபித் சுர்தி என்ற ஓவியர் ஒரு அறைக்குள் நிற்கிறார். சுவர், தரை, தன்மேல் எல்லாம் வண்ணம். ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி நிறுத்தி எடுத்திருப்பதால் மனிதன் பொம்மையாக நகர்கிறான். ப்ராக் நகரத்தில் பொம்மைப் படக்காரர்களிடம் பதி கற்றது பொம்மைக்கு உயிர் கொடுக்க. இங்கே வந்து அதைத் தலைகீழாக்கி, உயிருள்ளவனைப் பொம்மையாக்கிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் ஓவியம் முடிவதே இல்லை. சுவர் தீர்ந்தாலும் கை நிற்பதில்லை. பதி 1975-இல், நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயதில் இறந்துவிட்டார். ஆபித் சுர்தி இருந்தார். 2007 முதல் மீரா ரோடு பகுதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு குழாய்ப் பழுதுக்காரரை அழைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, ஒழுகும் குழாய்களைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். நுங்கம்பாக்கம் காகிதத்தில் இது இல்லை. அந்தப் படத்துக்கு இதைவிட நல்ல அடிக்குறிப்பு எனக்குத் தோன்றவில்லை.

‘சிஜிஜி’ பற்றி நான் தடுமாறுகிறேன். பதம்சி தனக்குக் கிடைத்த நேரு பெலோஷிப் பணத்தைப் போட்டு, பம்பாயில் ஓவியர்களும் படக்காரர்களும் சேர்ந்து வேலை செய்ய ஒரு பட்டறை வைத்தார். அதில் பிறந்தது இது. கோடுகள் மட்டும். சத்தமே இல்லை. 34 பேரில் எழுந்து போனவர்களில் பெரும்பாலோர் இந்தப் படத்தில்தான் போனார்கள். எனக்கு முதலில் பொறுமை போயிற்று; பிறகு பொறுமை என்ற எண்ணமே போயிற்று; பிறகு திரும்பவும் பொறுமை போயிற்று. இதை ரசனைக் குறைவு என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். பதம்சியின் இன்னொரு படம், ‘மேக அறையில் நிகழ்ச்சிகள்’, 1969-இல் எடுத்தது, தொலைந்தே போய்விட்டது. ஒரே பிரதி, டில்லிக்கு ஒரு கண்காட்சிக்குப் போனது, திரும்பவில்லை. ஆஷிம் அலுவாலியா 2016-இல் வயோதிகரான பதம்சியை உட்கார வைத்து அந்தத் தொலைந்த படத்தைப் பற்றி ஒரு படம் எடுத்தார். இந்த வகையில் அது நேர்மையான படம். ஆனால் இன்றைய சோதனைப் படக்காரர்களில் பலருக்குத் தொலைந்துபோனது என்பதே ஒரு அழகாகிவிட்டது. கீறல் விழுந்த பிலிம், பூட்டிய ஆலை, ஒரு முனகல் ஓசை. முதல் பாதியில் வந்த ஏழு வெளிநாட்டுப் படங்களில் நான்கில் இந்த மூன்றும் இருந்தன. எந்தச் சோதனையும் முடிவு முன்பே தெரிந்து நடந்தால் அது சோதனை இல்லை. பரீட்சைக்குப் பார்த்து எழுதுவது. பூட்டிய ஆலை அழகு என்று அம்பத்தூரில் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

அந்த எரிச்சலில்தான் மொட்டை மாடியில் திரை கட்டினேன். டியூஷன் நடத்தும் நண்பரிடம் புரொஜெக்டர் வாங்கினேன். திரைக்கு அப்பாவின் எட்டு முழ வேட்டி. பிலிம்ஸ் டிவிஷன் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டு மறைவதற்கு முன்பே தன் படங்கள் பலவற்றைப் பொதுவில் வைத்துவிட்டது. மற்றது நண்பர்களிடம் கிடைத்தது. காகிதம் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை முன்னுரை சொல்லவில்லை. தெருவில் சொன்னேன், 27 பேர் வந்தார்கள், குழந்தைகளையும் சேர்த்து. சி.டி.எச். ரோடு லாரிகளின் சத்தம்தான் பின்னணி இசையில் பாதி.

‘ஆபித்’தைக் குழந்தைகள் மூன்று முறை போடச் சொன்னார்கள். எதிர்பார்த்ததுதான். சாஸ்திரியின் படம் ஓடும்போது பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆங்கிலம் ஒரு காரணம். அவருடைய சந்தேகம் ஒரு படக்காரனின் சந்தேகம், மற்றவனுக்கு அது அவசரமில்லை என்பது இன்னொன்று. எதிர்வீட்டு அக்கா, “தம்பி, இது முடிஞ்சிருச்சா, இல்ல நடுவுல நிக்குதா?” என்று கேட்டார். அந்தப் படத்தைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கங்களைவிட அது துல்லியமான கேள்வி.

‘கூடல்’ போட்டபோது நாலைந்து பேர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார்கள். மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் ஒருவர், புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் பல வருஷம் சுமை ஏற்றியவர், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் பொதுவாகச் சொன்னார்: “வாசல்லயே அதுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நம்ம மூஞ்சியப் பாக்காது.” படத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருந்ததா என்று நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. “ம்” என்றார். மேத்தாவின் ஓவியங்களில் எருதின் முகம் ஏன் எப்போதும் திரும்பியோ மடங்கியோ கிடக்கிறது என்பதை நான் கலை விமர்சனங்களில் தேடியிருக்கிறேன்.

கடைசியாக ‘எக்ஸ்ப்ளோரர்’. நான் பழசாகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி வைத்திருந்த படம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தார். டர்னராக முப்பது வருஷம் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். காது கொஞ்சம் மந்தம். படம் ஆரம்பித்து ஒரு நிமிஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது நான் பாத்திருக்கேன்டா.”

“எதுப்பா?”

“இதான். டூரிங் கொட்டாயில. எம்.ஜி.ஆர். படத்துக்கு முன்னாடி போட்டான். ரீல் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சி எல்லாரும் கத்துனோம், ஆப்பரேட்டர், ஆப்பரேட்டர்னு. ஒருத்தன் மணல அள்ளித் திரையில வீசுனான்.”

அவர் வேறு எதையோ இதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம். அப்போது அவருக்குப் பதினான்கு பதினைந்து வயது இருக்கும். எந்த எம்.ஜி.ஆர். படம் என்று கேட்டேன், ஞாபகமில்லை. எந்த ஊர்க் கொட்டகை என்றால் ஒருமுறை திருநின்றவூர் என்கிறார், ஒருமுறை பட்டாபிராம். ஆனால் மணலை வீசியவன் பெயரை மட்டும் தயங்காமல் சொன்னார். யாரும் வீட்டில் இல்லை என்று நான் எழுதி வைத்திருந்ததை அன்று இரவே கிழித்துப்போட்டேன். மேலே இருப்பது மறுபடி எழுதியது. அதில் அந்த வாக்கியத்தை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன்.

“அப்புறம் என்னப்பா ஆச்சு?”

“என்ன ஆவும்? லைட்டப் போட்டான், நிறுத்துனான். கத்தி முடிச்சதும் மறுபடி அதையே போட்டான். சர்க்கார் படமாச்சே, போட்டுத்தானே ஆவணும். இந்தத் தடவ கத்தாம பாத்தோம்.”